மூன்று வரிக்குக் கீழே

வியாழக்கிழமை காலை டென்சில் ட்ரெவின் ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் அவர் தோளைத் தட்டி, "உங்க தம்பி சம்சாரம் கையில என்ன ருசிங்க!" என்றார்.

டென்சிலுக்கு ஒரு தம்பி உண்டு. தம்பிக்குச் சம்சாரம் கிடையாது. ஆகையால், "ஆள் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் இறைச்சிப் பேஸ்ட்டியை வாங்கத் திரும்பினார்.

"ராய்ஸ் ட்ரெவின்? புரூம்ல படகு எஞ்சின் பாக்கிறவர்? அதே மூக்கு உங்களுக்கும் இருக்கே!"

அந்த மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காருக்குப் பின்னால் ஒரு வண்டிவீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றுகிறவர். அப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "அவங்க ரெண்டு பேரும் கிளம்பியாச்சு. எனக்கு ரெண்டு நாள் பின்னாடி வந்துட்டிருக்காங்க. சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுல இருப்போம்னாரு. உங்களாலதான் கல்யாணத்துக்கு வர முடியலியாமே. அதுல அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்" என்றார்.

டென்சில் இதை என்னிடம் சொன்னபோது மணி பத்தரை. கெம்லின் துறை என்கிற எங்கள் கடலோர ஊரில் நகராட்சி நூலகத்தைப் பார்த்துக்கொள்வது நான். அதற்குள் அவர் பதினோரு கிலோமீட்டர் வீட்டுக்கு ஓட்டிப்போய், மடிக்கணினியை எடுத்து, மீன் பிடிக்கப் போகும்போது ஐஸ் போட்டுக் கொண்டுபோகும் பெட்டிக்குள் வைத்து, நூலகத்துக்குத் திரும்பி வந்திருந்தார். பெட்டியை என் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

"ஜெனீன், ராய்ஸ் எழுதினது அத்தனையும் நான் படிச்சிருக்கேன். ஒண்ணு விடல. அதுல கல்யாணம் இல்ல."

"சொல்ல மறந்திருப்பாரு."

"கல்யாணத்தையா?"

நான் கணினியை வெளியே எடுத்தேன். லேசாக மீன் வாடை அடித்தது.

டென்சிலுக்கு எழுபத்திரண்டு வயது. பார்லி விளைவித்தவர். இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். ராய்ஸ் அவருக்கு ஐந்து வயது இளையவர். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் வடக்கே புரூமில் முத்துக்குளிக்கும் படகுகளில் எஞ்சின் வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். சண்டை என்று ஒன்றும் இல்லை. தொலைபேசியில் பேசிப் பார்த்தார்கள். ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரி, அப்போ" என்று வைத்துவிடுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் டென்சில் இந்தக் கணினியை வாங்கினார். அவருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தவள் நான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தம்பி எழுதுவார், திங்கட்கிழமை அண்ணன் பதில் போடுவார். ஒரு வாரம் தவறியதில்லை.

"என்னதான் எழுதுவாரு?"

"வானிலை."

"வேற?"

"வேற என்ன இருக்கு?"

அஞ்சலைத் திறந்தேன். திரையில் மேலே பட்டியல், கீழே அஞ்சலைப் படிக்கிற கட்டம். நடுவில் ஒரு சாம்பல் நிறக் கோடு. அந்தக் கோடு திரையின் அடியோடு அடியாகக் கிடந்தது. படிக்கிற கட்டத்துக்கு இரண்டு விரல் உயரம்தான் மிச்சம். டென்சிலுக்குப் பார்வை மங்கி வருவதால் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தேன். ஆக, கட்டத்துக்குள் மூன்று வரி பிடித்தது. 'டென், இங்கே ஒரே புழுக்கம். மேகம் கூடுது, கலையுது. நீ சௌக்கியம்தானே?' அத்துடன் கடிதம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

கோட்டின்மேல் அம்புக்குறியை வைத்தேன். அது இரண்டு தலை அம்பாக மாறியது. பிடித்து மேலே இழுத்தேன்.

கடிதம் வளர்ந்தது. வானிலைக்குக் கீழே இரண்டு வரி வெற்றிடம். அதற்குக் கீழே ஒரு பத்தி, இன்னொரு பத்தி, பிறகு ஒரு புகைப்படம். வெள்ளைச் சட்டை போட்ட ராய்ஸும், அவர் தோள் உயரத்தில் தலையில் பூ வைத்த ஒரு பெண்மணியும், கையில் ஒரு பெரிய மீனும்.

டென்சில் ஐஸ் பெட்டிக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"அது எங்கே இருந்துச்சு?"

"இங்கேயேதான் இருந்துச்சு. கீழே."

"எங்க அப்பா அப்படித்தான்" என்றார் டென்சில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "முதல்ல மழையைப் பத்திப் பேசுவாரு. அப்புறம் ஒரு இடைவெளி விடுவாரு. அதுக்கப்புறம்தான் விஷயம்." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கோட்டைக் கீழே இழுத்தது யாரு?"

"நான்தான். நாலு வருஷம் முன்னாடி."

"எதுக்கு?"

"பட்டியல்ல பேரெல்லாம் பெரிசாத் தெரியணும்னு நீங்க கேட்டீங்க."

அவர் அதை யோசித்தார். "கேட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். "சரி, படி. முதல்லேர்ந்து படி."

கதவில் 'மதிய உணவு இடைவேளை' அட்டையை மாட்டினேன். மணி பத்தே முக்கால். அஞ்சல்கள் இருநூற்றுச் சொச்சம். எல்லாவற்றையும் படிக்க முடியவில்லை. படித்த வரைக்கும் போதுமானதாக இருந்தது.

முதல் வருஷம் பிப்ரவரியில் ராய்ஸ் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. புழுக்கத்தைப் பற்றி மூன்று வரி எழுதிவிட்டு, அதற்குக் கீழே கேட்டிருந்தார்: 'டாக்டர் உடனே அறுக்கலாங்கிறாரு, கொஞ்சம் பொறுத்தும் பாக்கலாங்கிறாரு. முடிவு என் கையிலயாம். நீ என்ன சொல்றே?'

டென்சில் எழுதியிருந்த பதிலையும் எடுத்துப் படித்தேன். 'பொறுத்துப் பார். ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும். எப்பவும் அப்படித்தானே.'

"நான் புழுக்கத்தைச் சொன்னேன்" என்றார் டென்சில்.

"தெரியுது."

"கட்டி என்ன ஆச்சு?"

மூன்று வாரம் தள்ளி இருந்த அஞ்சலைத் திறந்தேன். அடங்கிவிட்டது. டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். 'உனக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ' என்று ராய்ஸ் எழுதியிருந்தார். அதற்கு டென்சிலின் பதில், தென்மேற்குக் காற்று.

இரண்டாம் வருஷம் பெர்பெத்துவா வந்தார். மருத்துவமனைச் சமையலறையில் வேலை, பிலிப்பைன்ஸ்காரர், கணவரை இழந்து பத்து வருஷம். ராய்ஸ் மாதக்கணக்கில் அவரைப் பற்றி வானிலைக்குக் கீழே எழுதியிருந்தார். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார்: 'அறுபத்தஞ்சு வயசுல கல்யாணம் பண்ணிக்கிறது பைத்தியக்காரத்தனமா? நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.' அந்தக் கடிதத்தின் மூன்று வரி, தெற்கே இன்னமும் மழை இல்லையா என்று விசாரித்தது. டென்சில் பதில் போட்டிருந்தார்: 'எல்லாம் காஞ்சு கெடக்கு. ஆனா செத்துப்போச்சுன்னு சொல்ல முடியாது. ஒரு நல்ல மழை போதும், எழுந்து நின்னுடும்.'

நான் அதைப் படித்துவிட்டு நிமிரவில்லை. நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன் போலிருந்தது.

"அதுக்கு அவன் என்ன எழுதினான்?"

"பெர்பெத்துவாகிட்ட படிச்சுக் காமிச்சாராம். அவங்க அழுதுட்டாங்களாம். தேதி குறிச்சாச்சாம்."

கல்யாண அழைப்பு ஜூனில் வந்திருந்தது. மேலே மழை வருமா என்றும், கீழே நீ வருவாயா என்றும் கேட்டிருந்தார். பதில்: 'இந்த வருஷம் எதிர்பாக்க முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்.' அதற்கப்புறம் மூன்று ஞாயிறு ராய்ஸ் வானிலையை மாத்திரம் எழுதியிருந்தார். அந்த மூன்று கடிதங்கள்தான் டென்சில் முழுசாகப் படித்தவை.

ஒரு மணி இருக்கும், சென்ற வருஷம் பிப்ரவரி அஞ்சலுக்கு வந்தோம். புரூமுக்கு அருகே புயல் கடந்திருந்தது. மூன்று வரி புயல். இடைவெளி. பிறகு இப்படி இருந்தது:

'அப்பா போனப்போ நான் கடல்ல இருந்தேன், தந்தி கிடைக்கலன்னு சொன்னேனே, அது பொய், டென். படகு கரையிலதான் நின்னுச்சு. நீ அடிச்ச தந்தி முதல் நாளே கைக்கு வந்துடுச்சு. அதைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு ஒம்பது நாள் குடிச்சேன். பயம். அவரை அப்படிப் பாக்கப் பயம். வேற காரணம் ஒண்ணும் இல்ல. பெர்பெத்துவாகிட்ட சொன்னேன். உன்கிட்டயும் சொன்னாத்தான் ஆச்சுங்கிறா. சொல்லிட்டேன்.'

நான் நிறுத்தினேன். டென்சில் கையை நீட்டிக் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்து, தானே இன்னொரு தரம் படித்தார்.

"என் பதிலைப் படி" என்றார்.

"வேண்டாமே."

"படி, ஜெனீன்."

"'கவலைப்படாதே. இங்கேயும் அடிச்சுது. பெரிசா ஒண்ணும் சேதமில்ல. வேலியில ரெண்டு கம்பி போச்சு, கட்டிட்டேன்.'"

அடுத்த ஞாயிறு ராய்ஸ் எழுதியது ஒரே வரி, வழக்கமான இடத்தில்தான், கீழே: 'உன் பதிலைப் படிச்சுட்டு வெளியே போய் ரொம்ப நேரம் நின்னேன்.'

டென்சில் எழுந்து பெரிய எழுத்துப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிப் பக்கம் போனார். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நான் அவனை மன்னிக்கல" என்றார் அங்கிருந்தே.

"தெரியும்."

"ஆனா மன்னிச்சாச்சு."

"ஆமா."

"ஒன்றரை வருஷம் ஆச்சு."

கடைசியாக ஆறு வாரத்துக்கு முந்திய அஞ்சலைப் பார்த்தோம். தெற்கே மழை வருகிறதாமே என்று மேலே. கீழே, நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டு வரட்டுமா, உனக்கு இடைஞ்சலாக இருக்குமா என்று. டென்சில் அதற்கு எழுதியிருந்தது: 'வரட்டும். இங்கே தொட்டியில நிறைய எடம் இருக்கு.'

"தப்பு என்னுது. அவருக்கு நானே எழுதிச் சொல்லிடறேன்" என்றேன்.

"நீ சும்மா இரு. நடுப் பாலைவனத்துல ஓட்டிட்டிருக்கான், அவனுக்கு எங்கே கிடைக்கப்போகுது?" கணினியை மூடி, பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்தினார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவருடைய வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"உன்கிட்ட ரெட்டை மெத்தை இருக்கா?"

"இருக்கு."

"எங்க வீட்டுல எல்லாம் ஒத்தைக் கட்டில். புருஷன் பொண்டாட்டியை எப்படி ஒத்தைக் கட்டில்ல படுக்க வைக்கிறது? ரெண்டு கட்டிலைச் சேத்துப் போட்டுட்டேன். நடுவுல பள்ளமா இருக்கு."

மெத்தையை வண்டியில் ஏற்றிக் கட்டினோம். கயிற்றை முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "நாளைக்கு நீயும் சாப்பிட வா. வெளி ஆள் ஒருத்தர் இருந்தா நான் கத்த மாட்டேன்" என்றார்.

"கத்தணும் போல இருக்கா?"

"இன்னும் தெரியல."

சனிக்கிழமை ஒன்று பத்துக்கு அவர்கள் வந்தார்கள். செம்மண் அப்பிய வண்டி. ராய்ஸ் இறங்கினார், மூக்கு அதேதான். பெர்பெத்துவா சின்ன உருவம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பின் ஒவ்வொரு திருகையும் ஒரு தரம் திருகிப் பார்த்தார். சகோதரர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகு வானிலை பேசினார்கள். புரூமில் தொடங்கி, வழியில் இருந்த ஒவ்வொரு ஊரின் வானிலையையும் ராய்ஸ் சொல்ல, டென்சில் தலையை ஆட்டிக் கேட்டார். கால் மணி நேரம் ஆயிற்று.

"இவங்க எப்பவும் இப்படித்தானா?" என்று பெர்பெத்துவா என்னிடம் கேட்டார்.

"இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

டென்சில் அன்று காலை பிடித்த வைட்டிங் மீனை வறுத்திருந்தார். நன்றாகவே இருந்தது. எல்லோரும் பாதி சாப்பிட்டிருப்போம். டென்சில் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ராய்ஸ், உன் கடிதத்தை நான் படிக்கல."

"எந்தக் கடிதத்தை?"

"எதையும். மேல மூணு வரி படிச்சேன். நாலு வருஷமா அவ்வளவுதான் படிச்சேன். மிச்சத்தை வியாழக்கிழமைதான் படிச்சேன்."

"கோட்டை நான்தான் கீழே இழுத்து வச்சிட்டேன்" என்று நான் குறுக்கே சொன்னேன். இரண்டு நாளாக வாயில் வைத்திருந்த வார்த்தை. யாருக்கும் புரியவில்லை. ரொட்டித் தட்டை நிறுத்திப் பிடித்து, கத்தியைக் குறுக்கே வைத்து, எது பட்டியல், எது கடிதம், எவ்வளவு தெரிந்தது என்று காட்டினேன்.

பெர்பெத்துவாவுக்கு முதலில் பிடிபட்டது. கணவர் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேனா இல்லியா? இந்த மனுஷன் படிக்கவே இல்லன்னு எத்தனை தரம் சொன்னேன்? 'உனக்குத் தெரியாது, எங்கண்ணன் ஆழமானவன்'னு சொன்னியே!"

ராய்ஸ் கழுத்தைத் தடவினார். "அப்போ கட்டி?"

"அது புழுக்கம்."

"காஞ்சு கெடக்கு, ஆனா சாகலன்னியே?"

"அது நிலம்."

"ஒரு நல்ல மழை?" என்றார் பெர்பெத்துவா.

"மழை."

"அதை நான் பிரேம் போட்டு மாட்டியிருக்கேன்" என்றார் அவர். "என் அக்கா பொண்ணு அழகா எழுதிக் குடுத்தா. ஓரத்துல பூவெல்லாம் போட்டு."

டென்சில் மன்னிப்புக் கேட்டார். "நிலத்தை நல்லாப் பாத்துத்தான் எழுதினேன்" என்றும் சொன்னார். அது அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ராய்ஸ் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா விஷயம்?" என்று கேட்டார்.

"அது வேலி."

வெளியே தண்ணீர்த் தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்போ படிச்சாச்சு இல்ல?" என்றார் ராய்ஸ். "இப்போ சொல்லு."

டென்சில் எழுந்தார். கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சின்னக் குரலில் பேசினார்.

"அறுவடை நேரம்டா அது. பகல்ல வயல், ராத்திரி ஆஸ்பத்திரி. ஒம்பது நாள். தினமும் உன்னைக் கேட்டாரு. கடல்ல இருக்கான், திரும்பிட்டிருக்கான்னு நான் சொன்னேன். உனக்காகப் பொய் சொன்னேன். அது உன் பொய்யும்தான்னு அப்போ எனக்குத் தெரியாது."

"ம்."

"எட்டாவது நாள் அவரு சொன்னாரு. 'அவன் கடல்லயும் இல்ல, ஒண்ணுலயும் இல்ல. எங்கியோ குடிச்சிட்டுக் கெடப்பான். அவன் சுபாவம் அப்படி, பயந்தாங்கொள்ளி. விடு. அவன் வர்றப்போ நீ சத்தம் போடாதே'ன்னாரு."

ராய்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கு. நான்தான் நம்பல. எனக்கு அவர்மேல கோவம். வயல்ல நிக்கிறவன் நானு. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் நானு. அவரு கவலை பூரா உன்னை யாரும் சத்தம் போடக்கூடாதுங்கிறதுல." டென்சில் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, பின்னால் இழுத்தார். "அதை உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல. முப்பத்திரண்டு வருஷமா சொல்லல. மறதியில இல்ல. வேணும்னேதான் சொல்லல."

ராய்ஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பெர்பெத்துவா எழுந்து அவர் பின்னால் போய் நின்று, தோளில் கை வைத்தார். நான் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது. ரொட்டியை மெதுவாக அறுத்து அடுக்கினேன். கடைசியில் ராய்ஸ், "பயந்தாங்கொள்ளின்னா சொன்னாரு?" என்றார்.

"ஆமா."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு."

"ஆமா" என்றார் டென்சில். "மீன் ஆறுது. சாப்பிடு."

பதினோரு நாள் இருந்தார்கள். ராய்ஸ் பம்ப்பைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தார். சரியாக இருந்த இன்னொன்றையும் பிரித்துப் போட்டார். அதற்கு ஒருநாள் டென்சில் கத்தினார். எதற்கோ ஒன்றுக்குக் கத்தியாயிற்றே என்று எனக்கு நிம்மதி. பெர்பெத்துவா கல்லறைக்குப் போக வேண்டும் என்றார். மூன்று பேரும் போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வந்த பிறகு பெர்பெத்துவா என்னிடம், "நின்னு மேகத்தைப் பாத்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் புறப்பட்டுப் போன வாரம், வியாழக்கிழமை, டென்சில் நூலகத்துக்கு வந்தார். புரூமுக்கு விமானச் சீட்டுப் பதிவு செய்ய வேண்டுமாம். இதுவரைக்கும் விமானத்தில் ஏறியதில்லை. ஜன்னல் ஓரம் கேட்டார். தேதி ஜூன் மாதம் ஒன்பது. எழுத்துப் பிழை இல்லாமல் அவர் பெயரை அடித்து, பணம் கட்டி, சீட்டை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ தம்பியை மன்னிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

டென்சில் பொறுப்பாக யோசித்தார். விதைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் எப்படி யோசிப்பாரோ அப்படி.

"பாதி" என்றார்.

"மீதி?"

"அதுக்குத்தானே ஜூன்ல போறேன்."